காதைப் பிடித்த சாட்சி

அந்த ஆஸ்பத்திரியிலேயே ரொம்பச் சுத்தமான காது எதுவென்றால், ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த சுமை தூக்குபவரின் இடது காதுதான். இரண்டே நாளில் அதை மூன்று தடவை கழுவியிருந்தார்கள். காது டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்து, கோளாறு இல்லை என்று எழுதினார். அடுத்த நாள் வேறொரு காது டாக்டர் வந்து, முதல் டாக்டர் எழுதியது சரி என்று எழுதினார். எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. அதிலும் காது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

மனிதர் மட்டும் காதை விடுவதாக இல்லை. தாடை எலும்பு உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவரால் வாய் திறக்க முடியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. யார் கட்டிலுக்கு வந்தாலும் இடது காதைப் பிடித்து இழுத்துக் காட்டுவார், வந்தவர் முகத்தைக் கெஞ்சுகிற மாதிரி பார்ப்பார்.

"காதுன்னு சொன்னாலே எனக்கு இப்பல்லாம் குமட்டுது சார்" என்றாள் நர்ஸ்.

"நீங்க கழுவுங்க சிஸ்டர். அஞ்சு தடவை கழுவினா ஆறாவது தடவை இலவசம்னு போர்டு வச்சிடலாம்" என்றாள் அரை டிக்கெட்.

அரை டிக்கெட் என்பது நாலரை அடிக்கு மேல் வளர மறுத்துவிட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். இருபத்தெட்டு வயதாகியும் அது போகவில்லை. பஸ் கண்டக்டர்கள் மட்டும் முழு டிக்கெட்டே கிழிக்கிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் வருத்தம். அவள் பக்கத்தில் தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றவர் அவளுடைய சித்தப்பா, தொழில் துப்பறிவது. ஆபீசிலும் அவள் சித்தப்பா என்றே கூப்பிட்டதால் கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள், பிறகு போலீஸ்காரர்களும். போன வருஷம் கையும் களவுமாக மாட்டிய ஒருவன், "சித்தப்பா, இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்று அழுதான். அவர் விடவில்லை.

சித்தப்பா தன் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கட்டிலில் இருந்தவரிடம் காட்டினார். கண்ணாடி போட்ட, நாற்பது வயசுப் பெண். தோளில் ஒரு ரெக்கார்டர் தொங்கியது.

போட்டோவில் இருந்தவள் மொழி ஆராய்ச்சிக்காரி. ஆற்றின் மேல்பக்கத்தில் எழுபது எண்பது பேர் மட்டும் பேசுகிற ஒரு சின்ன மொழி இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் ஆற்றங்கரைக் கிடங்கில் காபிக்கொட்டை மூட்டை இறக்குகிறார்கள். ஆறு மாதமாக அவர்கள் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தவள், முந்தாநாள் மத்தியானம் கிடங்குக்குள் போனாள், பிறகு அவளைக் காணோம். அதே மத்தியானம் அந்தக் கூட்டத்தில் ஒருவரான இந்தச் சுமை தூக்குபவர் சரக்கு இறக்கும் மேடைக்குக் கீழே தாடை உடைந்து கிடந்தார். கால் தவறி விழுந்தார் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்காரி படகேறி ஆற்றுக்கு மேலே போயிருப்பாள், அங்கே போன் எடுக்காது, வந்துவிடுவாள் என்றும் எழுதிக்கொண்டார்கள். நம்பாதவர் ஒருவர் மட்டும்தான், அவளுடைய புருஷன். அவர்தான் சித்தப்பாவிடம் வந்திருந்தார்.

போட்டோவைப் பார்த்ததும் கட்டிலில் இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. காதைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், பிய்ந்துவிடுமோ என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"அம்மாவைப் பாத்ததும் வலி ஜாஸ்தியாயிடுச்சுங்கறான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கிடங்கு மேஸ்திரி. கையில் ஒரு பிளாஸ்க், முகத்தில் ஊருக்கே உபகாரம் செய்கிற களை.

"அவர் வாயே திறக்கலையே. நீங்க எதை மொழிபெயர்த்தீங்க?" என்றாள் அரை டிக்கெட்.

"கண்ணைப் பாத்தே சொல்லிடுவேன் பாப்பா. இருபது வருஷப் பழக்கம். படகுல வர்ற மூட்டையை இவங்க எண்ணி என்கிட்டதான் சொல்வாங்க. நான் ஆபீசுக்குச் சொல்வேன். இவங்க பாஷை தெரிஞ்ச ஒரே ஆளு அங்க நான்தான். அந்த ஆராய்ச்சி அம்மாவுக்கும் நான்தானே எல்லாம் கேட்டுச் சொன்னேன். தங்கமான அம்மா. பத்திரமா மேல போய்ச் சேந்திருப்பாங்க."

மேஸ்திரி கட்டிலை நெருங்கினார். படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவர் வந்தாப் போதும், உடனே தூங்கிடுவாரு" என்றாள் நர்ஸ். "தெரிஞ்ச முகம் இல்லியா, ஒரு ஆறுதல்."

சித்தப்பா போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, வலிக்கிற காதை யாராவது அந்த இழு இழுப்பாங்களா?"

*

பல் டாக்டருடைய கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை. மனைவி காணாமல் போன மனிதர் கடையைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஒருமாதிரி பேசினார்கள். அவர் கவலைப்படவில்லை. சும்மா இருந்தால் கை நடுங்குகிறது, பல் பிடுங்கினால் நடுங்குவதில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். நாற்காலியில் ஒரு பருத்த மனிதர் வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? தாடைக் கட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"இறுக்கமா இருக்கு" என்றார் சித்தப்பா.

"நேத்து நானும் போய்க் கீழ் வரிசையைப் பாத்தேன். நல்லாத்தான் கட்டியிருக்காங்க." இதைச் சொல்லிவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். "சார், ரெண்டு நாள் முடியப் போகுது. அவ மேல போகல. போறதா இருந்தா மாத்திரை எடுத்துட்டுப் போவா. மாத்திரை டப்பா வீட்ல இருக்கு. எங்கயோ அடைஞ்சு கிடக்கறா. தண்ணி இருக்கோ இல்லியோ."

அரை டிக்கெட் பேச்சை மாற்ற, "நேத்து கேட்டோமே, அவங்க நோட்டு கிடைச்சுதா?" என்றாள்.

பொய்ப்பல் அச்சுகள் அடுக்கியிருந்த இழுப்பறையிலிருந்து டாக்டர் ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். அரை டிக்கெட் புரட்டினாள். நடுப்பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் ஒரு மனித உருவம். உடம்பெல்லாம் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அம்புக்குறி, தலையும் புரியாத வாலும் புரியாத ஏதோ ஒரு சொல். இடது மணிக்கட்டில் மட்டும் ஒரு கைக்கடிகாரம் வரைந்திருந்தது.

"தையல்காரர் அளவெடுத்த மாதிரி இருக்கு. மூக்குக்கு எதுக்குச் சட்டை?" என்றாள்.

"அது எண்கள்" என்றார் டாக்டர்.

"எது?"

"உடம்புதான். அவங்க மொழியில எண்ணுக்குன்னு தனி வார்த்தை கிடையாது. உடம்போட பேரேதான் எண்ணு. இடது கைச் சுண்டுவிரல்ல ஆரம்பிக்கணும். கடிகாரம் போட்டிருக்கு பாருங்க, அது இடது கைன்னு அடையாளம் வச்சிருக்கா. அஞ்சு விரல், மணிக்கட்டு ஆறு, அப்படியே மேல ஏறி, மூக்கு பதினொண்ணு. பிறகு வலது பக்கம் இறங்கி, வலது சுண்டுவிரல் இருபத்தொண்ணு. அதோட ஒரு ஆள் முடிஞ்சாச்சு. மேற்கொண்டு எண்ணணும்னா அடுத்த ஆள்."

"அப்ப நூறு எண்ண ஒரு குடும்பமே வேணும்."

"அஞ்சு பேரு. அஞ்சாவது ஆள்ல பாதிக்கு மேல வரும்." டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். "எனக்கு எல்லாம் மனப்பாடம். சாப்பிடும்போது என்மேலதான் எண்ணிப் பழகுவா. ஒரு நாள் பதினொண்ணுன்னு மூக்குல குத்துனதுல எனக்குத் தும்மல் வந்து தட்டெல்லாம் பறந்துடுச்சு. திட்டிட்டேன். திட்டியிருக்க வேண்டாம்."

அரை டிக்கெட் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கு என்று நினைத்த டாக்டர், அவள் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்ததும் விழித்தார்.

"சுண்டு, மோதிரம், நடு, ஆள்காட்டி, கட்டை. மணிக்கட்டு ஆறு. முழங்கை ஏழு. தோள் எட்டு." எக்கினாள், எட்டவில்லை. "குனிங்க டாக்டர்."

குனிந்தார். அவள் அவருடைய இடது காதைப் பிடித்தாள்.

"ஒன்பது" என்றார் டாக்டர். அடுத்த நொடி அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த ஆளு காது வலிக்குதுன்னு சொல்லவே இல்ல சித்தப்பா! ரெண்டு நாளா ஒன்பது ஒன்பதுன்னு கத்திக்கிட்டிருக்காரு. நாம என்னடான்னா காதைக் கழுவிக்கிட்டிருக்கோம்!"

"கிடங்குல எத்தனை அறை?" என்றார் சித்தப்பா.

"பதினாறு. எல்லாத்துக்கும் கதவுல நம்பர் போட்டிருக்கு, நேத்தே பாத்தேன்."

டாக்டர் அதற்குள் வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றார். நாற்காலியில் கிடந்த பருத்த மனிதர் ஏதோ சொல்ல முயன்றார். "பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க, அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார்.

வண்டியில் அரை டிக்கெட் நோட்டின் அதே பக்கத்தை மறுபடி பார்த்தாள். ஓரத்தில் பென்சிலால், பெரிய சந்தோஷத்தில் எழுதினமாதிரி கிறுக்கலாக ஒரு வரி: 'முதலாவதற்கு எண் இல்லை. அது தாய்!!!'

"அம்மாவுக்கு நம்பர் இல்லையாம்" என்று வாசித்தாள். "நியாயம்தான். என் போன்லயும் அம்மான்னுதான் இருக்கு, நம்பர் யாருக்கு ஞாபகம்?"

சித்தப்பா அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

*

கிடங்கு வாசலில் ஒரு போர்டு தொங்கியது. படகுக்கு ஒரு மூட்டை குறைகிறது, திருட்டு நிற்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் சுமை தூக்குபவர்கள் எல்லோரையும் நிறுத்திவிடுவோம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படிக்கவேண்டியவர்களில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. அவர்கள் ஏழெட்டுப் பெண்களும் ஆண்களுமாக மேடையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வந்த வண்டியை வேடிக்கை பார்த்தார்கள்.

"மேல இருபத்திரண்டு ஏத்துறான். இங்க இருபத்தொண்ணு இறங்குது. வருஷக்கணக்கா இதே கூத்து" என்று கிடங்கு மேனேஜர் பொரிந்தார். "நடுவுல என்ன, ஆத்து மீனா காபி போட்டுக் குடிக்குது?"

"இருபத்தொண்ணுன்னு யார் சொல்றது?" என்றார் சித்தப்பா.

"அவங்களேதான் எண்ணிச் சொல்றாங்க. திருடுறதுல ஒரு நேர்மை பாருங்க."

மேஸ்திரி ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் தட்டி அதிசயப்பட்டார். "காதுன்னா ஒன்பதா! அடேங்கப்பா! இருபது வருஷமா பழகறேன், எனக்கே தெரியாதே. வாங்க வாங்க, இப்பவே திறந்துடலாம்." சாவிக்கொத்தோடு முன்னால் ஓடினார். யாரும் கேட்காமலே ஓடினார்.

அறைகள் ஒரே வரிசையில் இருந்தன, எல்லாம் தகரக் கதவு. கடைசிப் பக்கம் ஒரு பெரிய மோட்டார் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பத்தாம் நம்பர் கதவில், 'விஷ மருந்து அடித்துள்ளது, கிட்டே வராதீர்கள்' என்று மண்டையோடு படம் போட்ட அட்டை ஒட்டியிருந்தது.

"எலிங்களுக்குப் படிக்கத் தெரியும் போலிருக்கு, நல்லா எழுதியிருக்காங்க" என்றாள் அரை டிக்கெட், நடந்தபடியே.

ஒன்பதாம் நம்பரை மேஸ்திரி விரியத் திறந்து வைத்தார். சாக்கு வாசனை மூக்கில் அடித்தது. மூட்டை, அதற்குப் பின்னால் மூட்டை, அதற்கும் பின்னால் மூட்டை. டாக்டர் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே மூட்டைகளை இழுத்துப் போட்டார். வெள்ளைக் கோட்டு பழுப்பானது. அரை டிக்கெட் இடுக்குகளில் புகுந்து புறப்பட்டாள், அந்த உயரத்துக்கு அது ஒன்றுதான் லாபம். கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் தட்டிப் பார்த்தாயிற்று. இருந்தது ஒரு பல்லி மட்டும்.

"நல்லாத் தேடுங்க, அவசரமே இல்ல" என்றார் மேஸ்திரி வாசலில் நின்று. "நான் அப்பவே சொன்னேன், மேல போயிருப்பாங்கன்னு. இன்னிக்குச் சாயங்காலம் நானே ஒரு படகுல மேல போறேன். பாத்தாக் கூட்டிட்டு வர்றேன்."

டாக்டர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார், அது நடுங்கியது. காது, ஒன்பது என்று குதித்துக்கொண்டு வந்தது அரை டிக்கெட்தான். ஒரு மனுஷருக்கு நம்பிக்கை கொடுத்து, கூட்டிக்கொண்டு வந்து, பல்லியைக் காட்டியிருக்கிறாள்.

அவள் வெளியே வந்து வெறித்துப் பார்த்தாள். மேடையில் இருந்தவர்கள் இன்னும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு வந்தால் மூட்டையை எண்ணுவார்கள். எண்ணி மேஸ்திரியிடம் சொல்வார்கள். எப்படிச் சொல்வார்கள்? அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"சித்தப்பா" என்றாள் மெதுவாக. "அவங்க மொழியில எண்ணுன்னாலே உடம்புதானே. காதுன்னா ஒன்பதுன்னு இந்த ஆளுக்குத் தெரியாதாம். அப்ப இருபது வருஷமா அவங்ககிட்ட மூட்டைக் கணக்கு வாங்கி ஆபீசுல சொன்னது யாரு, இவரோட ஆவியா?"

"அதை நான் வாசல்லயே கேட்டிருப்பேன்" என்றார் சித்தப்பா. "கேட்டா சாவியோட ஓடிடுவாரு. சாவி வேணும் நமக்கு."

"சாவி எதுக்கு? ஒன்பதுல ஒண்ணுமில்லியே."

"ஒன்பதுன்னு நாம சொல்றோம்மா. அவங்க எண்ணட்டும், பாப்போம்."

அவர் டாக்டரை எழுப்பிக் கூட்டிவந்து, அவர்களிடம் எண்ணச் சொல்லத் தெரியுமா என்று கேட்டார். டாக்டருக்கு அந்த மொழியில் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். தினமும் சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி சொல்வது: எண்ணிக் காட்டு. டாக்டர் மேடைக்குப் போய் அதைச் சொன்னார், கிடங்கு அறைகளைக் கையால் காட்டினார். உச்சரிப்பைக் கேட்டு அங்கே இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தலைக்குச் சும்மாடு கட்டியிருந்த ஒரு பெண், பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, இறங்கி வந்தாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? வேலை கிடக்கு" என்றார் மேஸ்திரி. குரலில் சுருதி இறங்கியிருந்தது.

சும்மாட்டுக்காரி முதல் கதவுக்குப் போனாள். உள்ளங்கையை அதில் வைத்தாள், தூங்குகிற ஆளைத் தொடுகிற மாதிரி மெல்ல. உடம்பில் எதையும் தொடவில்லை. நகர்ந்து இரண்டாவது கதவுக்குப் போனாள். அங்கேதான் இடது சுண்டுவிரலைத் தொட்டாள்.

மூன்றாம் கதவு, மோதிரவிரல். நான்காவது, நடுவிரல். பெண் சாவகாசமாக நடந்தாள். மணிக்கட்டு. முழங்கை. ஒன்பதாம் நம்பர் கதவில், பல்லி இருந்த கதவில், தோளைத் தட்டினாள். அடுத்த கதவில் மண்டையோடு படம் இருந்ததால் கிட்டே போகாமல் தள்ளி நின்றே, தன் இடது காதைப் பிடித்தாள்.

"முதலாவதற்கு எண் இல்லை. அது தாய்" என்றார் சித்தப்பா. "தாயை எண்ணுறதில்ல. பிள்ளைங்களைத்தான் எண்ணணும். மேனேஜர் சார், உங்க இருபத்திரண்டு மூட்டையும் பத்திரமாத்தான் இறங்குது. இவங்க தாயை விட்டுட்டு இருபத்தொண்ணுன்னு சொல்றாங்க. அந்த வழக்கம் தெரிஞ்ச ஒரே ஆளு, அப்படியே உங்ககிட்ட இருபத்தொண்ணுன்னு சொல்லிட்டு, தாயைத் தூக்கிட்டுப் போயிடறாரு. படகுக்கு ஒரு தாய்."

மேஸ்திரி சாவிக்கொத்தோடு ஆற்றுப்பக்கம் பாய்ந்தார்.

அரை டிக்கெட் அவர் காலுக்குக் குறுக்கே விழுந்தாள். குனிந்து பிடிக்கவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லாததால் அது சுலபமாக இருந்தது. மேஸ்திரி தடுமாறி எழுவதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார். அடிக்கவில்லை. தொழில் பழக்கத்தில் கட்டைவிரலைக் கீழ்ப் பல்வரிசைக்குள் கொடுத்து, மற்ற விரல்களால் தாடையைப் பற்றித் தூக்கினார். முப்பது வருஷமாக முரண்டு பிடிக்கிறவர்களைப் பிடித்த பிடி. மேஸ்திரி வாயைத் திறந்தபடி நுனிக்காலில் நின்றார்.

"கடைவாய்ப்பல் ரெண்டு சொத்தை" என்றார் டாக்டர். "சாவி."

சாவி கீழே விழுந்தது.

*

பத்தாம் நம்பர் கதவைத் திறந்தபோது விஷ நெடி ஒன்றும் இல்லை. கதவுக்கு நேராக ஒரு ஆள் நுழைகிற இடுக்கு மட்டும் விட்டு, மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்காருகிற இடத்தில் ஆராய்ச்சிக்காரி சுவரில் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் காலியான தண்ணீர் பாட்டில். உதடு வெடித்திருந்தது. கதவைத் தட்டித் தட்டி வலது கை வீங்கியிருந்தது. மோட்டார் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

டாக்டர் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். ஓவென்று அழுதார். அரை டிக்கெட்டும் அழுதாள், காபிக்கொட்டைத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் ஆராய்ச்சிக்காரி கேட்ட முதல் கேள்வி, "அவர் உயிரோட இருக்காரா?" என்பதுதான். அவளைத் தள்ளிக் கதவைப் பூட்டும்போது ஒருவர் தடுக்க வந்தாராம். மேஸ்திரி அவரை மேடையிலிருந்து தள்ளியதைக் கதவு மூடுவதற்குள் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு நாளா நாங்க அவர் காதைக் கழுவிக்கிட்டிருந்தோம்" என்றாள் அரை டிக்கெட். "நல்லா இருக்காரு."

"அந்தத் தாய் வழக்கத்தைக் கண்டுபிடிச்சதும் எனக்குத் தலைகால் புரியல" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "யார்கிட்டயாவது சொல்லணுமே. முதல்ல மேஸ்திரிகிட்டதான் போய்ச் சொன்னேன். இவங்க திருடலைன்னு நிரூபிச்சுடலாம், வாங்க மேனேஜர்கிட்ட போலாம்னேன். வாங்க, முதல்ல பத்தாம் நம்பர்ல ஒண்ணு காட்டறேன்னாரு."

"ஏம்மா, ரெண்டு நாள் எப்படித்தான் தாக்குப் பிடிச்சே?" என்று டாக்டர் விக்கினார்.

அவள் வெடித்த உதட்டோடு சிரித்தாள். இடது சுண்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு நாள்தான். முதல் நாள் கணக்குல வராது."

இன்ஸ்பெக்டர் வந்து மேஸ்திரியை வண்டியில் ஏற்றினார். மேனேஜர் வாசலில் தொங்கிய போர்டைத் தன் கையாலேயே கழற்றினார். அசடு வழிய மேடைக்குப் போய் நின்றார், மன்னிப்புக் கேட்க வார்த்தை தெரியாமல் சும்மாட்டுக்காரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அவளுக்கு விஷயம் இன்னும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் கும்பிட்டாள்.

ஆராய்ச்சிக்காரியை நேராக அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். முதலில் தன்னை ஆண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்படி அவள் பிடிவாதம் பிடித்தாள். சக்கர நாற்காலியை டாக்டர் தள்ளினார். பின்னால் சித்தப்பா, அவருக்கும் பின்னால் அரை டிக்கெட்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் காலடிச் சத்தம் கேட்டதுமே காதைப் பிடித்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருந்தவளை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு காதை விட்டார். இரண்டு நாளில் முதல் தடவையாக அந்தக் கை கீழே வந்து போர்வைமேல் சும்மா கிடந்தது. மடல் சிவந்து தடித்திருந்தது. நர்ஸ் மூலையில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

கொஞ்சம் கழித்து அவர் வந்திருந்தவர்களை எண்ணினார். டாக்டரைப் பார்த்துச் சுண்டுவிரலைத் தொட்டார். சித்தப்பாவுக்கு மோதிரவிரல். அரை டிக்கெட்டை எட்டிப் பார்த்துத் தேடி, நடுவிரல்.

"நாலு பேர் வந்திருக்கோம், மூணுங்கறாரே. நான் இருக்கேன், எண்ணிட்டாரு. யாரை விட்டாரு?" என்று ஆரம்பித்த அரை டிக்கெட், வாயை மூடிக்கொண்டாள்.

அவர் உள்ளங்கையை நீட்டி, ஆராய்ச்சிக்காரியின் வீங்கிய கைமேல் மெல்ல வைத்திருந்தார்.